டேஷ் கேமராவை ஃபியூஸ் பெட்டியில் இணைப்பது: ஒரு வயரையும் வெட்டாமல், அளந்து பார்த்துச் செய்யும் முழுமையான வழிகாட்டி

டேஷ் கேமரா வாங்கியவர்களில் பெரும்பாலோர் முதலில் அதனைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகித்தான் பயன்படுத்துகிறார்கள். வண்டி ஓடும்வரை அது போதும். ஆனால் சாக்கெட்டிலிருந்து முன்கண்ணாடி வரை ஒரு வயர் தொங்கிக்கொண்டே இருக்கும். கைப்பேசிக்குச் சார்ஜ் போட இடம் இருக்காது. சாவியை அணைத்ததும் கேமராவும் அணைந்துவிடுவதால், தெருவோரம் நிறுத்தியிருக்கும் வண்டியை யாரேனும் இடித்துவிட்டுப் போனால் அது பதிவாகவும் செய்யாது. ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுத்துக் கொடுத்தால் இந்த மூன்று குறைகளும் ஒருசேரத் தீரும்.

கார் அக்சசரி கடைகளில் இந்த வேலையை விரைவாகவே முடித்துத் தருவார்கள். ஆனால் எப்படி முடித்தார்கள் என்பதை வாடிக்கையாளர் பார்ப்பதில்லை. ஸ்டீரியோவுக்கோ கூரை விளக்குக்கோ போகும் வயரின் தோலைச் சீவி, கேமராவின் வயரை அதில் முறுக்கி, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி டேஷ்போர்டுக்குள் தள்ளிவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. வெயிலில் நிற்கும் காருக்குள் அந்த டேப்பின் பசை இளகி நழுவும். வண்டியின் அதிர்வில் முறுக்கு தளரும். வயரை வெட்டியதைக் காரணம் காட்டி மின்சாதனங்களுக்கான வாரண்டியைச் சர்வீஸ் சென்டர் மறுக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே இந்த வழிகாட்டியின் அடிப்படை விதிகள் இரண்டு: காரின் எந்த வயரையும் வெட்டக் கூடாது, மல்டிமீட்டரில் அளந்து பார்க்காமல் எந்த இணைப்பையும் கொடுக்கக் கூடாது. இவ்விரண்டையும் கடைப்பிடித்தால், மின்வேலை அறியாதவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இதனை நிதானமாகச் செய்து முடிக்கலாம்.

இங்கே சொல்வன 12 வோல்ட் பேட்டரி உள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்குப் பொருந்தும். மின்சாரக் கார்களிலும் 12 வோல்ட் துணை பேட்டரியும் ஃபியூஸ் பெட்டியும் உண்டு என்றாலும், அவற்றிலும் ஹைபிரிட் கார்களிலும் ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றின் அருகே கை வைக்கவே கூடாது.

பார்க்கிங் மோடு உங்களுக்கு வேண்டுமா?

வேலையைத் தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டியது இது. வண்டி நிற்கும்போதும் கேமரா விழித்திருப்பதே பார்க்கிங் மோடு. அதற்கு மூன்று வயர் கொண்ட ஹார்ட்வயர் கிட் தேவை: எப்போதும் மின்சாரம் இருக்கும் இடத்துக்கு ஒரு வயர், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்கு ஒரு வயர், காரின் உலோக உடலுக்கு ஒரு வயர். முதல் வயர் கேமராவை வாழ வைக்கிறது. இரண்டாவது வயர் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று கேமராவுக்குச் சொல்கிறது. மூன்றாவது வயர் மின்சுற்றை முழுமையாக்குகிறது.

உங்கள் வண்டி இரவில் வீட்டு வளாகத்துக்குள், பகலில் அலுவலகத்தின் காவலுள்ள நிறுத்தத்தில் நிற்கிறது என்றால், பார்க்கிங் மோடு இல்லாமல் இரண்டு வயர் கிட்டை ஏசிசி ஃபியூஸிலிருந்து, அதாவது சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸிலிருந்து, இணைத்துக்கொள்வதே சிறந்தது என்பது என் கருத்து. பேட்டரியைப் பற்றிய கவலை அத்தோடு போய்விடும். தெருவோரம் நிறுத்துபவர்களுக்கும், கல்யாண மண்டபம், ரயில் நிலையம் போன்ற நெரிசலான நிறுத்தங்களில் அடிக்கடி விடுபவர்களுக்கும் பார்க்கிங் மோடு உண்மையாகவே பயன்படும். கீழே மூன்று வயர் முறையையே விரிவாகச் சொல்கிறேன். இரண்டு வயர் கிட் வாங்குபவர்கள் நிரந்தர மின்சாரத்தைப் பற்றிய பகுதிகளை விட்டுவிட்டால் போதும்.

வாங்க வேண்டியவை

ஹார்ட்வயர் கிட்டைக் கேமராவின் அதே நிறுவனத்திடமிருந்து வாங்குங்கள். காரின் 12 வோல்ட்டைக் கேமராவுக்கு வேண்டிய 5 வோல்ட்டாகக் குறைக்கும் சிறிய கறுப்புப் பெட்டி அதில் இருக்கும். பிளக் ஒன்றுபோலத் தெரிந்தாலும், சாவி அணைந்ததைக் கேமராவுக்குத் தெரிவிக்கும் சமிக்ஞை அந்தப் பிளக்கின் எந்த முனையில் வருகிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேறு நிறுவனத்தின் கிட்டைப் போட்டால் கேமரா ஓடும். ஆனால் பார்க்கிங் மோடுக்கு மாறாமல் போகக்கூடும்.

அடுத்தது, ஃபியூஸிலிருந்து ஒரு கிளை எடுக்கும் ஹோல்டர். இணையக் கடைகளில் ‘ஆட்-எ-சர்க்யூட்’ என்று தேடினால் கிடைக்கும். காரின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருக வேண்டும். இதில் இரண்டு ஃபியூஸ்களுக்கு இடம் இருக்கும்: கால்களை ஒட்டிய கீழ் இடத்தில் காரின் பழைய ஃபியூஸ், மேல் இடத்தில் கேமராவுக்கான புதிய ஃபியூஸ். பழைய மின்சுற்று பழையபடியே ஓடும். கேமராவுக்குத் தனிப் பாதுகாப்புடன் ஒரு கிளை கிடைக்கும். இத்தகைய கிளை ஹோல்டர் இரண்டு தேவை.

இங்கேதான் பலர் தவறான அளவை வாங்கிவிடுகிறார்கள். கார் ஃபியூஸ்கள் ஒரே அளவில் வருவதில்லை. சாதாரண பிளேடு ஃபியூஸ் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். மினி ஃபியூஸ் 11 மில்லிமீட்டர். மைக்ரோ-2 ஃபியூஸ் 9 மில்லிமீட்டர். மினியிலேயே லோ-புரொஃபைல் என்று ஒரு வகை உண்டு: அகலம் மினியைப் போலவே இருக்கும், ஆனால் அதன் உலோகக் கால்கள் பிளாஸ்டிக் உடலுக்குக் கீழே நீண்டு தெரியாது. ஜப்பானிய, கொரிய நிறுவனக் கார்களில் இந்த லோ-புரொஃபைல் வகை பரவலாக இருக்கிறது. ஆகவே ஆர்டர் போடும் முன், பயன்படுத்தப் போகும் ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்து, ஸ்கேலால் அளந்து, புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘மாருதிக்கு ஏற்றது’, ‘ஹூண்டாய்க்கு ஏற்றது’ என்ற விளம்பர வரிகளை நம்பி வாங்க வேண்டாம். ஒரே காரின் ஃபியூஸ் பெட்டியிலேயே இரண்டு வகை கலந்திருப்பது உண்டு.

கேமராவுக்கான புதிய ஃபியூஸ்கள் 2 அல்லது 3 ஆம்பியர் போதும். ஃபியூஸின் நிறமே அதன் அளவைச் சொல்லும்: 2 ஆம்பியர் சாம்பல், 3 ஊதா, 5 இளம்பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. கிளை ஹோல்டருடன் இலவசமாக வரும் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸைக் கேமராவுக்குப் போடாதீர்கள். கிட்டின் மெல்லிய வயர் பழுதாகிச் சூடேறத் தொடங்கினால், 15 ஆம்பியர் ஃபியூஸ் உருகும் முன் வயரே உருகிவிடும்.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும். விலை குறைந்ததே போதும். சென்னையில் உள்ளவர்களுக்கு ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். வீட்டில் சுவர்ப் பிளக்கைச் சோதிக்கும் நியான் டெஸ்டர் 12 வோல்ட்டுக்கு ஒளிராது. அதை வைத்து ‘இங்கே கரண்ட் இல்லை’ என்று முடிவு கட்டினால் எல்லாமே தலைகீழாகும். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பும் வேண்டாம். அது மீட்டரைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுப்பதால், தெரியாமல் ஏர்பேக் போன்ற நுண்ணிய மின்சுற்றில் பட்டுவிட்டால் ஆபத்தாகும்.

இவற்றுடன் வயர் முனையை நசுக்கிப் பிடிக்க ஒரு கிரிம்பிங் கருவி, 10 எம்எம் ஸ்பேனர், காரின் உள்புற உறைகளான டிரிம்மைக் கீறாமல் நெம்பும் பிளாஸ்டிக் கருவி, கேபிள் டை, வயர்களைச் சுற்றும் துணி டேப் ஆகியவை தேவை.

ஃபியூஸ் பெட்டியைத் தெரிந்துகொள்வது

பெரும்பாலான கார்களில் இரண்டு ஃபியூஸ் பெட்டிகள் இருக்கும்: ஒன்று போனட்டுக்கு அடியில் பேட்டரிக்குப் பக்கத்தில், மற்றொன்று காருக்குள். நமக்கு வேண்டியது உள்ளே இருப்பது. நம் நாட்டு வலப்பக்க ஸ்டீயரிங் கார்களில் அது பொதுவாக ஓட்டுநரின் வலது முழங்காலுக்கு மேலே, ஒரு சிறிய மூடிக்குப் பின்னால் இருக்கும். சில மாடல்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். மூடியின் உட்புறத்திலோ காரின் கையேட்டிலோ வரைபடம் இருக்கும். கையில் வண்டிக்கு உரிய கையேடே இருக்கட்டும், ஏனெனில் ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு, வேரியன்டுக்கு வேரியன்ட் ஃபியூஸ்களின் இடம் மாறுகிறது. பெட்டியைத் திறந்ததும், எதையும் தொடும் முன் தெளிவான புகைப்படம் ஒன்று எடுத்துவிடுங்கள்.

வரைபடத்தைப் பார்த்துத் தொடக் கூடாதவற்றை முதலில் ஒதுக்குங்கள். ஏர்பேக், ஏபிஎஸ் பிரேக், பவர் ஸ்டீயரிங், என்ஜின் கட்டுப்பாட்டு யூனிட், இக்னிஷன் காயில், எரிபொருள் பம்ப், ஹெட்லைட், பிரேக் லைட் ஆகியவற்றின் ஃபியூஸ்களிலிருந்து எந்தக் காரணத்துக்காகவும் கிளை எடுக்க வேண்டாம். கேமரா இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவுதான். ஆயினும் ஹோல்டரின் கால் தளர்ந்து ஒரு நொடி தொடர்பு விட்டால், பாதிக்கப்படுவது கேமராவோடு சேர்ந்து அந்த மூல மின்சுற்றும்தான். வண்டி ஓடும்போது ஸ்டீயரிங்கோ பிரேக்கோ அப்படி விட்டுவிடக் கூடாது.

ஏசிசி வயருக்கு ஏற்றவை பவர் சாக்கெட், ஆடியோ, பின்புற வைப்பர் போன்றவை. நிரந்தர மின்சாரத்துக்கு ஏற்றவை கூரை விளக்கு, அபாய விளக்கு, கதவுப் பூட்டு போன்றவை. இவை நின்றாலும் வண்டி பாதுகாப்பாக ஓடும் என்பதே தேர்வுக்கான அளவுகோல்.

அளந்து பார்ப்பது

மல்டிமீட்டரின் சிவப்பு வயர் வோல்ட் குறியிட்ட துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். 10 ஆம்பியர் என்று குறித்த துளையில் இருந்தால், நீங்கள் அளக்கத் தொட்ட கணமே அது ஷார்ட் சர்க்யூட் ஆகும். பிறகு சுவிட்சை டிசி 20 வோல்ட்டுக்குத் திருப்பி, கறுப்பு முனையைக் காரின் பெயின்ட் இல்லாத ஓர் உலோகப் போல்ட்டில் வையுங்கள். ஃபியூஸின் தலையில் மிகச் சிறிய இரண்டு உலோகப் புள்ளிகள் தெரியும். ஃபியூஸைப் பிடுங்காமலேயே அவற்றைச் சிவப்பு முனையால் தொட்டு அளக்கலாம்.

தேர்ந்தெடுத்த ஒவ்வொரு ஃபியூஸையும் சாவியின் எல்லா நிலைகளிலும் அளக்க வேண்டும். நிரந்தர மின்சாரம் என்று நினைப்பது, சாவி எடுத்த நிலையிலும் 12 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். ஏசிசி என்று நினைப்பது, சாவி எடுத்த நிலையில் சுழியமும், சாவி போட்டதும் 12 வோல்ட்டும் காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்வதால் இரண்டும் பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை உயரும். என்ஜினைக் கிளப்பும் கணத்தில் ஏசிசி மின்சுற்றுகள் ஒரு நொடி அணைந்து மீள்வது இயல்பு. நிரந்தர மின்சாரம் சரியாக இருந்தால் கேமரா அதைத் தாங்கிக்கொள்ளும்.

புதிய கார்களில் ஒரு சிக்கல் உண்டு. வண்டியைப் பூட்டிச் சில நிமிடங்கள் கழிந்ததும், பேட்டரியைக் காப்பாற்றுவதற்காகக் காரின் கட்டுப்பாட்டு யூனிட் கூரை விளக்கு போன்ற சில ‘நிரந்தர’ மின்சுற்றுகளையும் அணைத்துவிடும். அளக்கும்போது கதவு திறந்திருப்பதால் வண்டி விழித்தே இருக்கும், மீட்டரும் 12 வோல்ட் காட்டும். பூட்டிவிட்டுப் போனபின் கேமராவும் தூங்கிவிடும். இதைக் கண்டறிய எளிய வழி, தற்காலிகமாக இணைத்து, வண்டியைப் பூட்டி, அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடி வழியாகக் கேமராவின் விளக்கைப் பார்ப்பதுதான். ஸ்மார்ட் கீ உள்ள காரென்றால் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்து பாருங்கள். அருகில் சாவி இருந்தால் சில கார்கள் விழித்துக்கொள்ளும். இந்தச் சோதனையை டிரிம்களைக் கழற்றி வயரை ஓட்டும் முன்பே செய்துவிடுவது உழைப்பை மிச்சப்படுத்தும்.

கிளை ஹோல்டரின் திசை

இந்த வேலையில் மிக அதிகமாகக் கவனிக்காமல் விடப்படுவது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஃபியூஸ் செருகும் இடத்தில் இரண்டு பிளவுகள் இருக்கும். ஒன்றில் பேட்டரியிலிருந்து மின்சாரம் வருகிறது. மற்றொன்று ஃபியூஸைக் கடந்து சாதனத்துக்குப் போகிறது. கிளை ஹோல்டரின் இரு கால்களில் ஒன்று மட்டும் இரண்டு ஃபியூஸ்களுக்கும் பொதுவானது. அந்தப் பொதுக்கால் மின்சாரம் வரும் பிளவில் அமர வேண்டும். அப்போதுதான் பழைய ஃபியூஸ் பழைய சாதனத்தையும், புதிய ஃபியூஸ் கேமராவையும் தனித்தனியே காக்கும். திருப்பிச் செருகினாலும் கேமரா ஓடும். ஆனால் கேமராவின் மின்சாரமும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும், இரண்டு மின்சுற்றுகளின் சுமையும் ஒரே ஃபியூஸில் விழும், பழைய ஃபியூஸ் உருகினால் கேமராவும் சேர்ந்து அணையும்.

எது எந்தப் பக்கம் என்று படம் பார்த்து ஊகிக்க வேண்டாம். ஹோல்டரில் பழைய ஃபியூஸை எடுத்துவிட்டு, மேலே உள்ள புதிய ஃபியூஸை மட்டும் விட்டு, பெட்டியில் செருகுங்கள். சாவியைப் போட்டு, ஹோல்டரிலிருந்து வரும் வயரின் முனையில் அளந்து பாருங்கள். 12 வோல்ட் காட்டினால் திசை சரி. சுழியம் காட்டினால் ஹோல்டரைப் பிடுங்கி, 180 பாகை திருப்பிச் செருகி மீண்டும் அளந்து பாருங்கள். அளக்கும்போது அந்த வயரின் திறந்த முனை எந்த உலோகத்திலும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திசை உறுதியானதும் பழைய ஃபியூஸைக் கீழ் இடத்தில் திரும்பப் போட்டு, அந்த ஃபியூஸுக்கு உரிய சாதனம் வேலை செய்கிறதா என்று சரிபாருங்கள்.

ஹோல்டர் சற்று உயரமாக இருப்பதால் பெட்டியின் மூடி சாத்தாமல் போகலாம். மூடியை நறுக்குவதைவிட, பெட்டியின் ஓரத்தில் இடம் உள்ள வேறொரு ஃபியூஸைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கிரிம்பிங் செய்யும்போது ஒன்று கவனிக்க வேண்டும். ஹோல்டரின் முனையில் உள்ள நீல நிறக் குழல் தடித்த வயருக்கானது. கிட்டின் வயரோ மிக மெல்லியது. அப்படியே நுழைத்து நசுக்கினால், பிடித்ததுபோலத் தோன்றி ஒரு மாதத்தில் நழுவி வந்துவிடும். வயரின் தோலை வழக்கத்தைவிட இரு மடங்கு நீளத்துக்குச் சீவி, செம்பு இழைகளை முறுக்கி, இரண்டாகவோ மூன்றாகவோ மடித்துத் தடிமனாக்கியபின் நுழைத்து நசுக்குங்கள். பிறகு இரண்டு பக்கமும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். வராமல் நின்றால்தான் அது இணைப்பு.

கிரவுண்ட்

கேமரா அவ்வப்போது தானாக அணைந்து எழுகிறது என்ற புகார்களில் பல, சரியில்லாத கிரவுண்டில், அதாவது காரின் உலோக உடலோடு சேரும் இணைப்பில்தான் போய் முடிகின்றன. கறுப்பு வயரின் வளைய முனையை, காரின் உலோக உடலில் நேரடியாக இறங்கும் போல்ட்டுக்கு அடியில் வைத்து இறுக்க வேண்டும். ஓட்டுநரின் கால் பகுதியின் பக்கச் சுவரில், தொழிற்சாலையிலேயே கிரவுண்ட் வயர் வைத்த 10 எம்எம் போல்ட் இருந்தால் அது மிகப் பொருத்தம். ஆனால் ஏர்பேக் யூனிட்டுக்கு உரிய கிரவுண்ட் போல்ட்டையும், ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் போல்ட்டையும் தளர்த்தவே கூடாது.

வெளியே உலோகமாகத் தெரியும் போல்ட் உள்ளே பிளாஸ்டிக்கில் இறங்கியிருக்கலாம். பெயின்ட் பூசிய இடமும் மின்சாரத்தைக் கடத்தாது. மீட்டரின் சிவப்பு முனையை நிரந்தர மின்சாரமுள்ள ஃபியூஸிலும், கறுப்பு முனையை இந்தப் போல்ட்டிலும் வைத்துப் பாருங்கள். பேட்டரியின் இரு முனைகளில் நேரடியாக அளந்ததும் இதுவும் ஏறத்தாழ ஒரே எண்ணாக வந்தால் கிரவுண்ட் நன்றாக இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே வயரை இழுத்துச் செல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். தேவையில்லை, கூடவும் கூடாது. என்ஜின் தானாக நின்று கிளம்பும் வசதியுள்ள பல கார்களில் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் இருந்து, பேட்டரியிலிருந்து போகும் மின்சாரத்தைக் கணக்கிடுகிறது. அதைத் தாண்டி நேராக முனையில் இணைத்தால் கேமராவின் செலவு அந்தக் கணக்கில் வராது.

வயர் செல்லும் பாதை

கேமராவை உள்கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுநரின் பார்வையில் குறுக்கிடாமல், வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் வருமாறு ஒட்டுங்கள். கண்ணாடியின் மேல் விளிம்பில் கறுப்புப் புள்ளிகள் உள்ள பகுதியில் ஒட்டும் பட்டை சரியாகப் பிடிக்காது. லேன் மாறுவதை எச்சரிக்கும் வசதி உள்ள கார்களில், அதற்கான கேமரா கண்ணாடியின் நடுவில் இருக்கும். அதன் பார்வையை மறைத்துவிடாதீர்கள்.

கேமராவிலிருந்து வயரைக் கூரைத் துணியின் விளிம்புக்குள் விரலால் தள்ளிக்கொண்டே முன்தூண் வரை வரலாம். தூணில்தான் நிதானம் வேண்டும். இப்போது பல சிறிய கார்களிலும் ஆறு ஏர்பேக்குகள் வருகின்றன; அவற்றில் பக்கவாட்டில் திரைபோல விரியும் ஏர்பேக், கூரையின் ஓரமாக ஓடி இந்தத் தூணின் உறைக்குள் வருகிறது. கேமராவின் வயர் அந்த ஏர்பேக்குக்கு முன்னால் குறுக்கே போகக் கூடாது. மோதலின்போது ஏர்பேக் விரிவதை அது தடுக்கலாம், அல்லது வயரும் உறையும் உள்ளிருப்பவர் மேல் தெறிக்கலாம். வயர் ஏர்பேக்குக்குப் பின்னால், காரின் உடலை ஒட்டி, ஏற்கெனவே ஓடும் வயர்க் கட்டுடன் சேர்த்துக் கேபிள் டையால் கட்டப்பட வேண்டும். மஞ்சள் நிற உறையும் மஞ்சள் நிறக் கனெக்டரும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றோடு சேர்த்துக் கட்ட வேண்டாம்.

தூணின் உறையைக் கழற்ற வேண்டியிருந்தால், சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, காரின் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருந்த பிறகே தொடங்குங்கள். ஏர்பேக் உள்ள தூண்களின் சில கிளிப்புகள் ஒரு முறைதான் பயன்படும். கழற்றினால் புதியதைப் போட வேண்டும். இந்த ஒரு பகுதியில் கை தயங்கினால், தூண் வரை நீங்களே வயரைக் கொண்டுவந்து, அதை மட்டும் பழக்கமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் உடன் நின்று செய்துகொள்ளுங்கள்.

தூணிலிருந்து கதவின் ரப்பர் பீடிங்குக்குள் இறக்கி, டேஷ்போர்டின் ஓரமாக ஃபியூஸ் பெட்டிக்குக் கொண்டுவரலாம். மிச்சமுள்ள வயரைச் சுருட்டி, கிட்டின் கறுப்புப் பெட்டியோடு, பெடல்களுக்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் எட்டாத இடத்தில் கட்டுங்கள். அந்தப் பெட்டி ஓடும்போது சற்றுச் சூடாகும். பஞ்சு வைத்து மூடாமல் காற்றுப் படும்படி விட வேண்டும்.

இணைத்து, சோதிப்பது

முதலில் கிரவுண்ட், அடுத்து ஏசிசி, கடைசியாக நிரந்தர மின்சாரம் என்ற வரிசையில் இணைத்து, எல்லாம் முடிந்தபின் கேமராவில் பிளக்கைச் செருகுங்கள். பல கிட்டுகளில் மஞ்சள் வயர் நிரந்தர மின்சாரத்துக்கும், சிவப்பு வயர் ஏசிசிக்கும், கறுப்பு வயர் கிரவுண்டுக்கும் உரியவை. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் வயரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துச் செய்யுங்கள்.

சாவி போட்டதும் கேமரா வழக்கமான பதிவைத் தொடங்க வேண்டும். சாவி எடுத்த சில நொடிகளில் பார்க்கிங் மோடுக்கு மாற வேண்டும். சாவி எடுத்ததும் முழுவதும் அணைந்தால், இரண்டு வயர்களுமே ஏசிசியில் இருக்கின்றன, அல்லது நிரந்தர இணைப்பின் ஃபியூஸ் உருகியிருக்கிறது. ஒருபோதும் பார்க்கிங் மோடுக்கு மாறாமல் வழக்கமான பதிவிலேயே இருந்தால், ஏசிசி வயரை நிரந்தர மின்சாரத்தில் கொடுத்துவிட்டீர்கள், அல்லது கேமராவின் மெனுவில் பார்க்கிங் மோடை இன்னும் இயக்கவில்லை. பிறகு ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு, வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு, கூரை விளக்கு எல்லாவற்றையும் ஒரு முறை பாருங்கள். எஃப்எம் வானொலியில் புதிதாக இரைச்சல் கேட்டால் கேமராவின் வயர் ஆன்டெனா வயரை ஒட்டி ஓடுகிறது என்று பொருள். சற்றுத் தள்ளிக் கட்டினாலே பெரும்பாலும் குறையும்.

பேட்டரிக் கணக்கு

கிட்டின் பெட்டியிலோ கேமராவின் மெனுவிலோ, பேட்டரி எந்த வோல்ட்டுக்கு இறங்கினால் கேமரா அணைய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். 11.6, 11.8, 12.0, 12.2, 12.4 போன்ற தேர்வுகள் இருக்கும். ஓய்வில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், 12.2 என்பது ஏறத்தாழப் பாதி, 12.0 என்பது கால்வாசி அளவு, 11.8 என்றால் ஏறக்குறைய காலி. ஆகவே 11.6 என்ற தேர்வை யாரும் தொடக் கூடாது. என் பரிந்துரை 12.2 வோல்ட். பேட்டரி புதிதாக இருந்து, தினமும் நீண்ட தூரம் ஓட்டுபவர் 12.0 வைத்துக்கொள்ளலாம், மூன்று ஆண்டு கடந்த பேட்டரிக்கு 12.4 நல்லது.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பார்க்கிங் மோடில் கேமராவும் கிட்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் இழுக்கின்றன என்று கொண்டால், ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி செலவாகும். சிறிய பெட்ரோல் கார்களில் பரவலாக உள்ள 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி, அதாவது 17 ஆம்பியர்-மணிதான் எடுக்கத் தக்கது. கார் தன் கடிகாரம், அலாரம் முதலியவற்றுக்கு எடுப்பதையும் சேர்த்தால் இரண்டு நாள் தாங்கும். விமான நிலையத்தில் வண்டியை விட்டுவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போகிறவர் முழு வாரமும் பதிவாகும் என்று எதிர்பார்க்க முடியாது. அத்தகைய நேரங்களில் பார்க்கிங் மோடை அணைத்துவிட்டுப் போவதே நல்லது. தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும், அதுவும் நெரிசலில் ஓட்டுபவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இரவெல்லாம் கேமரா எடுத்ததை அந்தக் குறுகிய ஓட்டத்தில் ஆல்டர்னேட்டரால் முழுதாகத் திருப்பித் தர முடியாது. பேட்டரி நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கிட்டில் 6 மணி, 12 மணி என்று நேர வரம்பு வைக்கும் வசதி இருந்தால் இவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும்.

வெயிலும் மெமரி கார்டும்

கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள், அதுவும் முன்கண்ணாடியை ஒட்டிய இடத்தில், 60 பாகைக்கு மேல் சூடேறுவது சாதாரணம். கேமராவுக்குள் லித்தியம் பேட்டரி இருந்தால் அந்தச் சூட்டில் அது உப்பக்கூடும். நம் ஊருக்கு, பேட்டரிக்குப் பதிலாகச் சூப்பர் கெபாசிட்டர் வைத்த மாடலே ஏற்றது. நடுப்பகலில் வெட்டவெளியில் நிறுத்தும்போது பார்க்கிங் மோடை அணைத்துவிடுவது கேமராவின் ஆயுளைக் கூட்டும். இடைவிடாமல் எழுதி அழிக்கப்படுவதால் கைப்பேசிக்கான சாதாரண மெமரி கார்டு விரைவில் கெட்டுவிடும். ஹை என்டியூரன்ஸ் என்று குறிப்பிட்ட கார்டைப் போட்டு, மாதம் ஒரு முறை கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

முதல் வாரத்தில் நாள்தோறும் காலையில் என்ஜினைக் கிளப்பும் முன் பேட்டரியின் வோல்ட்டை ஒரு முறை அளந்து குறித்து வையுங்கள். எண் 12.4-ஐ ஒட்டி நிலைத்திருந்தால் கவலை இல்லை. நாளுக்கு நாள் இறங்கினால் கேமரா அணைய வேண்டிய வோல்ட்டை ஒரு படி உயர்த்துங்கள். புதிய ஃபியூஸ் உருகினால் அதைவிடப் பெரிய ஃபியூஸைப் போடாமல், வயர் எங்கே நசுங்கியிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் தூணின் உறைக் கிளிப்புக்கு அடியிலோ டேஷ்போர்டின் ஓர மூடிக்கு அடியிலோதான் அது இருக்கும். வண்டியை விற்கும்போதோ வாரண்டி வேலைக்கு விடும்போதோ, கிளை ஹோல்டர்களைப் பிடுங்கி, பழைய ஃபியூஸ்களை முதலில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து அந்தந்த இடத்தில் செருகி, கிரவுண்ட் வயரை எடுத்துவிட்டுப் போல்ட்டை மீண்டும் இறுக்கிவிட்டால், காரின் வயரிங் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும்.